மாலுமி பொருத்திய சுக்கான் கம்பு

சிவகாசி வட்டாரத்தில் தீபாவளி நெருங்கும் நேரத்தில் மழை வேண்டிக் கும்பிட்ட ஒரே பிறவி எங்கள் தெரு மாலுமிதான். வெளியூர்க்காரர்களுக்கு இதன் விபரீதம் சட்டென்று புரியாது. அந்த மாதங்களில் எங்கள் வானத்தில் கையகல மேகம் தென்பட்டாலே முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் முகம் இருண்டுவிடும். வெடி காயாது, லோடு நகராது, சீசன் படுத்துவிடும். அப்படிப்பட்ட ஒரு நாளில், ஊரே பார்க்க டீக்கடை வாசலில் நின்று, மேற்கே திரண்ட மேகத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார் அவர். டீ மாஸ்டர் அன்றைக்கு அவருக்கு டீ போட மறுத்துவிட்டார். பிறகு மாலுமியே சமரசத்துக்கு வந்து, தீபாவளி முடிந்த மறுநாள் பெய்தால் போதும் என்று மேகத்துக்குக் கேட்கும்படி சொன்ன பின்புதான் கிளாஸ் கைக்கு வந்தது.

அவருடைய அவசரம் அவருக்கு. அவரிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. எங்கள் ஊரில் குடிதண்ணீர்க் குழாயே நாள் பார்த்துத்தான் வரும், இதில் படகு மிதக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? கடலுக்குக் கொண்டுபோங்களேன் என்று யோசனை சொன்னவர்களை அவர் பரிதாபமாகப் பார்ப்பார். சைக்கிளைத் தெருவில் பழகாமல் நேரே பைபாஸில் ஏற்றுவீர்களா என்று கேட்பார். முதலில் கண்மாய், அப்புறம்தான் கடல். கண்மாயோ வருஷக் கணக்கில் கருவேலம் முளைத்துக் கிடந்தது.

மாலுமி என்பது படகு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர். அதற்கு முன்பு அவர் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வேலையை விட்ட பின்பும் வேலை அவரை விடவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் வெளியே போக எத்தனை வழி என்று பார்ப்பார். வாசற்படிக்கு நேராக ஒரு நாற்காலி, ஒரு செருப்பு ஜோடி, தூங்குகிற பூனை, எது கிடந்தாலும் ஓரங்கட்டிவிட்டுத்தான் பேச்சு. ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து வாசலில் வரிசையாக வைத்த சீர்த் தட்டுகளையெல்லாம் இவர் பாட்டுக்குத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டார். சீரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சம்பந்தி குதித்து, கல்யாணமே நிற்கப் பார்த்தது. மாலுமி கொஞ்சமும் பதறாமல், வழியில சாமான் வைக்கக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் சிரிப்புக் கதை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். அவருடைய மனைவி பாக்கியத்தக்காவும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தார். சீசன் முற்றிய ஒரு நாள், லாரிக்குப் போக வேண்டிய அட்டைப்பெட்டிகளை அக்கா இருந்த அறை வாசலில் இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளே கொண்டுபோகவா என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் கிடக்கட்டும், லாரி வந்துரும் என்று சொன்னவர் போர்மேனாக இருந்த இவர்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தீப்பிடித்தது. மற்றவர்கள் எதிர்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். அக்கா இந்த வாசலுக்கு ஓடிவந்து பெட்டிகளில் தடுக்கி விழுந்தார். உயிர் பிழைத்தது. இரண்டு கண்களும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அக்கா வீட்டைவிட்டு வெளியே வரவேயில்லை. வீட்டுக்குள் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. தடவிப் பார்க்காமலே சமைப்பார், பக்கத்து வீடான எங்கள் வீட்டுக் குழம்பில் புளி தூக்கல் என்பதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லுவார். தெருவில் கால் வைத்தால்தான் கஷ்டம். வாசலுக்கு வாசல் “ஐயோ பாவம்” என்ற சத்தம் கேட்கும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டார் மாலுமி, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார், ஆட்டோவை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா அசையவில்லை. மூட்டையைத் தூக்கிட்டுப் போற மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போகாதீக என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். எப்படியாவது அவரை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர மாலுமிக்கு அதன் பிறகு வாழ்க்கையில் வேறு லட்சியம் கிடையாது.

படகு யோசனை எங்கிருந்து வந்தது என்றால், கல்யாணமான புதிதில் இருவரும் திருச்செந்தூர் போயிருக்கிறார்கள். கரையில் நின்று பாய் விரித்த படகுகளைப் பார்த்து, இதுல ஒருநா போகணுங்க என்று அக்கா சொல்லியிருக்கிறார். மாலுமி அதை மனசின் ஏதோ மூலையில் போட்டு வைத்திருந்தார். அக்கா வீட்டுக்குள் அடைந்து கிடந்த சமயத்தில் ஆலை முதலாளி ஒருவர், ரோட்டோரம் கட்டப்போகும் ஓட்டலுக்கு முன்னால் அலங்காரமாக நிறுத்தத் தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய படகை வாங்கி வந்து, ஓட்டல் கட்டாமலே விட்டுவிட்டார். கோழிகள் குடியிருந்த அந்தப் படகை மாலுமி கேட்டார். பைத்தியத்துக்கு வைத்தியமாக இருக்கட்டும் என்று முதலாளியும் கொடுத்துவிட்டார்.

அது வந்த நாளை எங்கள் தெரு மறக்காது. ஒரு மினி பஸ் நீளத்துக்கு, இழுவை வண்டி மேல் ஏறி வந்தது. கொடிமரத்தைப் படுக்கப் போட்டுத்தான் கரண்ட் கம்பிக்குக் கீழே நுழைக்க முடிந்தது. அவர் வீட்டுக் கொல்லைக்கும் என் வீட்டுச் சுவருக்கும் நடுவிலிருந்த காலி இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் காலண்டர் கம்பெனியில் புரூப் பார்க்கிறவன். வீட்டுக்கு வந்தால் ஜன்னலில் கொஞ்சம் வேப்பமரம் தெரியும், அதுதான் என் கண்ணுக்கு ஓய்வு. அன்றிலிருந்து ஜன்னல் முழுக்கப் படகின் வயிறுதான் தெரிந்தது. நான் முறையிட்டதற்கு, காத்து வந்தா நகந்துரும் தம்பி என்றார் மாலுமி.

அன்று சாயங்காலம் அவர் அக்காவைக் கொல்லைக் கதவு வழியாகக் கூட்டிவந்து, ஸ்டூல் போட்டுப் படகில் ஏற்றினார். தெருவுக்குப் போகாமல் கொல்லை வழியாகவே போகலாம் என்பதால் அக்கா மறுக்கவில்லை. படகின் பின்பக்கத்தில், லாரி ஸ்டீயரிங்கைவிடப் பெரிதாக ஒரு சக்கரம். தண்ணீருக்கடியில் நின்று படகின் திசையை மாற்றும் சுக்கானைத் திருப்புவது அதுதான். அக்காவை அதன் முன்னால் உட்காரவைத்து, ஓட்டு பாக்கியம் என்றார். அக்கா சுற்றினார். சக்கரம் அதன் பாட்டுக்குச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார்.

“ஏங்க, இது உருண்டையால்ல இருக்கு. நேரா நிக்குதா, திரும்பி நிக்குதான்னு கைக்கு ஒண்ணும் தெரியலையே. ஒரு கம்பா இருந்தா, எங்கிட்டுத் திரும்பியிருக்குன்னு பிடிச்ச கைக்குத் தெரியும். இது கண்ணு இருக்கறவுகளுக்கு உள்ளது.”

சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டார். மாலுமி அங்கேயே நின்றார். மறுநாள் காலை சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

இந்தக் கைங்கரியத்துக்குத் துணையாக வந்தவன் லேத் பட்டறை செல்வம். அச்சு மெஷின்களுக்கு உதிரிப் பாகம் கடைகிறவன். வேம்பார்க் கடற்கரையில் பெண் எடுத்ததால், மாமனார் வீட்டுப் படகில் பாய் கட்டப் பழகியவன். அவன் பார்த்துவிட்டு, சுலபம் அண்ணாச்சி என்றான். சக்கரத்துக்குக் கீழே சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின், அதிலிருந்து கம்பிக் கயிறு, கயிற்றின் முனையில் சுக்கான் தண்டு. இடையிலுள்ளதை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுத் தண்டின் தலையிலேயே ஒரு கம்பை மாட்டிவிட்டால் தீர்ந்தது. கையை அசைத்தால் சுக்கான் அசையும்.

சுலபமான அந்த வேலை மாதக்கணக்கில் இழுத்ததற்குக் காரணம் மாலுமி விதித்த சட்டதிட்டங்கள். படகில் ஏறுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். செல்போனை வெளியே வைக்க வேண்டும். இரும்புச் சுத்தியல், இரும்பு ஸ்பேனர் எதுவும் கூடாது, பொறி பறக்காத பித்தளைச் சாமான்தான். ஒரு பக்கம் மணல் வாளி, ஒரு பக்கம் தண்ணீர் வாளி. ஆலை அறைச் சுவரில் எழுதுகிற மாதிரியே படகின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் “அனுமதிக்கப்பட்ட ஆட்கள் 4” என்று எழுதிவிட்டார். செல்வம் தலையில் அடித்துக்கொண்டு, அண்ணாச்சி இது மரமும் பைபரும், வெடிக்காது என்றான்.

“வெடிக்காதுன்னு நெனச்ச நாள்லதாம்லே எனக்கு வெடிச்சது” என்றார் மாலுமி. செல்வம் போய்ச் செருப்பைக் கழற்றினான்.

கழற்றிய சக்கரத்தைப் பழைய இரும்புக்குக்கூட எடுக்க ஆளில்லை. அதன் மேல் ஒரு துணியை விரித்து அக்கா வடகம் காயப்போட்டார். ஒரு கப்பலின் சக்கரம் இதைவிட உபயோகமாக எங்கும் இருந்திருக்காது.

கம்பு தயாரானது. நல்ல தேக்கு, அக்கா கைக்குத் தக்க பிடி. செல்வம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து மாலுமி அதைத் தானே மாட்டிவிட்டார். திரும்பி வந்த செல்வம் படகை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தான். கம்பு படகுக்கு உள்பக்கமாக, உட்காருகிறவர் கைக்கு எட்டும்படி நீண்டிருக்க வேண்டும். மாலுமியோ பின்பக்கமாக, படகுக்கு வெளியே நீட்டி மாட்டியிருந்தார். உள்ளே நீட்டினால் ஆள் வெளியேறும் வழிக்குக் குறுக்கே வருகிறது என்பது அவர் வாதம். அண்ணாச்சி, இதைப் பிடிக்கணும்னா அக்கா தண்ணிக்குள்ள நீந்திக்கிட்டேதான் வரணும் என்றான் செல்வம். நான் சுவருக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மாலுமி சிரிக்கவில்லை. வழிக்குக் குறுக்கே ஒரு பொருள் வருவதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சோறு தண்ணீர் இறங்காமல் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் செல்வம்தான் கம்பின் அடியில் ஒரு பித்தளைக் கீல் வைத்துக் கொடுத்தான். வேண்டாதபோது கம்பை மேலே தூக்கி நிறுத்திவிட்டால் வழி முழுசாகத் திறந்துவிடும். மாலுமி கம்பைத் தூக்கினார், இறக்கினார், தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு அந்த வழியில் நடந்து இறங்கிப் பார்த்தார். ஒன்றும் தடுக்கவில்லை. வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அடுத்த சிக்கல் திசை. கம்பை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும், வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும் என்று செல்வம் சொன்னதை மாலுமி ஏற்கவில்லை. தள்ளுகிற பக்கம் போகாத வண்டியும் ஒரு வண்டியா என்று சண்டைக்குப் போனார். அக்காவுக்கு அது உடனே பிடிபட்டது.

“இதுல என்ன கஷ்டம்? உங்களை ஒரு பக்கம் போகவைக்கணும்னா நான் நேரெதிராத்தான சொல்லுவேன். கட்டிக்கிட்ட நாள்ல இருந்து எனக்குப் பழக்கந்தான்” என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒத்திகை. அக்கா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, யார் கையையும் பிடிக்காமல் வந்து, ஏறி, கம்பைப் பிடித்து உட்காருவார். காற்றுக்கு ஏற்பாடு வேண்டுமே? மாலுமி வீட்டு மேசை விசிறியை நீளமான வயரோடு கொண்டுவந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் பிடிப்பார். எந்தக் கன்னத்தில் காற்று படுகிறது என்று பார்த்து அக்கா கம்பைத் திருப்ப வேண்டும். கரண்ட் போனால் கடலில் காற்று விழுந்துவிட்டதாக அர்த்தம், மாலுமி ஒரு முறத்தை எடுத்து வீசுவார். “புயலு வருது பாக்கியம்” என்று ஒருநாள் விசிறியை முழு வேகத்தில் வைத்து அக்கா முகத்துக்கு நேரே நீட்டினார். தலைமுடி கலைஞ்சு போச்சு, புயலை அங்கிட்டுக் கொண்டுபோங்க என்று அக்கா அதட்டியது எங்கள் அடுப்படி வரை கேட்டது. தொடர்ந்து ஒரு சிரிப்பும் கேட்டது. அந்த விபத்துக்குப் பிறகு அக்கா சிரித்து நான் கேட்டது அன்றுதான். அச்சுக்கூடத்தில் எத்தனையோ வாழ்த்து வாசகங்களைத் திருத்தியிருக்கிறேன், மனசு நிறைவது என்றால் என்னவென்று அந்தச் சுவரோரம்தான் தெரிந்தது.

படகு மட்டும் நகரவில்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றியது. தீபாவளிக்கு முன்னால் பெய்யாதே என்று ஊர் கும்பிட்டதை வானம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுக்கொண்டது. மாலுமிக்கு நெஞ்சில் சளி கட்டியது. கந்தகமும் வெடியுப்பும் சுவாசித்த நெஞ்சு. இருமிக்கொண்டே விசிறி பிடித்தார். வெயில் காலத்தில் முடியாமல் போய் மதுரையில் சேர்த்தோம். அங்கேயும் வார்டு வாசலை மறித்து நின்ற ஸ்ட்ரெச்சரை நகர்த்தச் சொல்லி நர்ஸோடு மல்லுக்கட்டினார். என்னிடம் கடைசியாகப் பேசியதும் படகைப் பற்றித்தான்.

“தம்பி, கண்மாய் நெறஞ்சா அவளைக் கூட்டிட்டுப் போங்க. அவளே ஓட்டுவா. நீங்க சும்மா கூட இருந்தாப் போதும்.”

ஊருக்குத் திரும்பி வந்தது அவர் உடல்தான். சாவு வீட்டில் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் போய் எல்லோரையும் ஓரமாக நிற்கச் சொல்லி வழி ஏற்படுத்தினேன். எதற்காக அப்படிச் செய்கிறேன் என்று வந்திருந்த பாதிப் பேருக்குத் தெரியவில்லை. 

அக்கா மறுபடியும் வீட்டுக்குள் போய்விட்டார். இந்த முறை கொல்லைக் கதவும் சாத்திக்கொண்டது. சமையல் வாசனை வருவது குறைந்தது, எங்கள் வீட்டுக் குழம்பைப் பற்றிக் குற்றம் சொல்லவும் ஆளில்லை. ஒரு பிரியாணிக் கடைக்காரர், வாடிக்கையாளர்கள் நின்று செல்பி எடுக்கப் படகு கிடைக்குமா என்று கேட்டு வந்தார். அக்கா கதவையே திறக்கவில்லை. செல்வம் வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறி, தூசி தட்டிவிட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போவான். மாலுமி சொன்னதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நானும் நாளைக் கடத்தினேன். மழையும் இல்லாதபோது எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

தீபாவளி முடிந்தது. மறுநாள் இல்லை, ஆனால் அந்த வாரமே பிடித்துக்கொண்டது மழை. விட்டு விட்டு மீதி ஐப்பசி முழுக்கப் பெய்தது, கார்த்திகையிலும் பெய்தது. கருவேல மரங்கள் இடுப்புவரை முழுகி, கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் போனது. அன்று காலை நான் கம்பெனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அக்கா நின்றார். கொல்லை வழியாக அல்ல, தெரு வழியாக வந்திருந்தார். எதிர்வீட்டில் யாரோ “ஐயோ பாவம்” என்று சொன்னது எனக்கே கேட்டது. அக்கா திரும்பவில்லை.

“கண்மாய் நெறஞ்சிருச்சாம்ல தம்பி. கூட்டிட்டுப் போறீகளா? அவுக உங்ககிட்ட சொல்லிட்டுப் போனது எனக்குத் தெரியும், எங்கிட்டயும் போன்ல சொன்னாக. நீங்களா சொல்லுவீகன்னு பாத்தேன்” என்றார்.

செல்வம் மினி லாரி பிடித்து வந்து படகை இழுத்துப் போனான். கண்மாய்க் கரையில் ஊரே கூடிவிட்டது. சினிமாப் படப்பிடிப்பு என்று நினைத்து, கதாநாயகி எங்கே என்று ஒருவர் என்னைக் கேட்டார். அக்காவைக் காட்டினேன். படகு சாயாமலிருக்க அடியில் நீளும் பலகையை மேலே தூக்கிக்கொள்ளலாம் என்பதால் ஆழம் அதிகம் தேவைப்படவில்லை. மடைப் பக்கம், மரமில்லாத இடத்தில் இறக்கினோம். செல்வம் பாயை ஏற்றினான். நான் நடுவில் இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. அக்கா பின்னால் உட்கார்ந்து கம்பை இறக்கிப் பிடித்தார்.

வாடைக்காற்று பாயில் விழுந்ததும் படகு மெதுவாகக் கரையைவிட்டு நழுவியது. அக்கா கன்னத்தைக் காற்றுக்குக் கொடுத்தார், கம்பை லேசாக நகர்த்தினார். படகு சொன்ன பேச்சுக் கேட்டது. கரையிலிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். நடுக் கண்மாய்க்கு வந்தபோது அக்காவின் முகம் மாறியது. பயந்துவிட்டார் என்று நினைத்து, திரும்பிவிடலாமா என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார்.

“இல்ல தம்பி. கரையில கெடக்கையில இது வெறுங் கட்டை. இப்பத் தண்ணி வந்து கைக்குள்ள தள்ளுது. உசுரு இருக்கற மாதிரி இருக்கு.”

அது சுக்கானில் தண்ணீர் மோதுவது, அப்படித்தான் இருக்கும் என்று செல்வம் பாய்க் கயிற்றைப் பிடித்தபடியே சொன்னான். அக்கா கம்பை விடாமல் பிடித்திருந்தார். கண்ணில்லாத முகத்தில் கண்ணீர் மட்டும் வழி தெரிந்து இறங்கியது.

“எம்புட்டுப் பாடுபட்டு இதை மாட்டுனாக. தண்ணியில இது எப்பிடி இருக்கும்னு ஒரு தடவகூட தொட்டுப் பாக்காமயே போயிட்டாகளே” என்றார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, “இங்கன வந்து இதைக் கொஞ்சம் பிடிங்க தம்பி. அவுக பிடிக்க வேண்டியது” என்றார்.

விளிம்பிலிருந்து கையை எடுக்க எனக்குத் தைரியமில்லை. இருந்தும் எழுந்து போய் அக்கா கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். தண்ணீர் கம்பை மெதுவாக முட்டியது, விட்டது, மறுபடி முட்டியது. மாலுமிக்குச் சேர வேண்டியதை, கரை வரும்வரை அவருக்காக நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.